முப்பத்தொன்றாவது படம்

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, அவர் எடுத்த படங்களைக் கண்காட்சியாக வைக்கிற அம்மா என்னிடம் கேட்டார். அவரையே கேட்க வேண்டியதுதானே என்றேன். "ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறாரே" என்றார். அது வாஸ்தவம்தான். இருபத்தெட்டு வருஷமாக ஊரிலேயே அதிகமாகச் சத்தம் போடுகிற கூட்டத்தின் நடுவே நின்று படம் எடுத்த மனுஷர், சாப்பாட்டில் உப்பில்லை என்பதைக்கூட வாயைத் திறந்து சொல்ல மாட்டார். உப்பு டப்பாவைப் பார்ப்பார், அவ்வளவுதான். நான் எழுதிக் கொடுத்ததை அவர்கள் போடவில்லை. நீளம் அதிகமாம். சரி, இங்கே இன்னும் நீளமாகவே எழுதுகிறேன்.

அவருக்கு வேலை ஒரு போட்டோ ஸ்டூடியோவில். கல்யாணம், விசேஷமெல்லாம் முதலாளி போவார். இவருக்கு அடையாள அட்டைக்கான படங்கள் மட்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை "நிமிர்ந்து உக்காருங்க, சிரிக்காதீங்க, கண்ணச் சிமிட்டாதீங்க" என்று இந்த மூன்றையே சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்து பேச வேறு வார்த்தை மிச்சமில்லை என்று நான் கேலி செய்வேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோ லீவு. அன்றைக்குச் சாப்பிட்ட கையோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போய்விடுவார். அது வண்டி நிறுத்துகிற இடம். ஞாயிறன்று கடைகள் கிடையாது, ஒரு வண்டியும் வராது. அங்கேதான் அந்தப் பிள்ளைகள் கூடினார்கள்.

ஹிப்ஹாப் என்று அதற்குப் பெயர். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து அதன்மேல் தலைகீழாக ஆடுகிறவர்கள், மூச்சு விடாமல் எதுகை போட்டு ராப் பாடுகிறவர்கள், கண்ட சுவரிலெல்லாம் பெயின்ட் அடித்துவிட்டு ஓடுகிறவர்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது வெறும் கூச்சல். இப்போதும் பாதி கூச்சல்தான். மீதிப் பாதி எப்படியோ பிடித்துப் போய்விட்டது. "ஆறு நாள் அசையாதவங்களையே எடுக்கறேன். ஒரு நாளாவது அசையறவங்கள எடுக்க வேணாமா" என்று ஒருமுறை சொன்னார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

எங்கள் குளியலறைதான் டார்க் ரூம். வாளிக்குப் பக்கத்தில் மருந்துத் தட்டுகள், துணிக்கொடியில் என் புடவைக்கும் துண்டுக்கும் நடுவே ஈரம் சொட்டும் படச்சுருள்கள். விருந்தாளி வந்து கை கழுவ வேண்டுமென்றால் சிவப்பு பல்பு அணைகிறவரை பொறுத்திருக்க வேண்டும். நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். வீடு ஓடியது அதில்தான், அதை நான் சொல்லிக் காட்டாத மாதமும் கிடையாது. ஆனாலும் சுருள் போட்ட டேங்கை ஆட்டிக்கொடுப்பது, மருந்து ஊற்றுவது, சுருளைக் கழுவித் தொங்கவிடுவது என்று பாதி வேலை நானும் செய்தேன். அந்தப் பிள்ளைகளை நேரில் பார்ப்பதற்கு முன்பே நெகட்டிவில் பார்த்துப் பழகியிருந்தேன், கறுப்புப் பல்லும் வெள்ளைத் தலைமுடியுமாக.

அந்த வட்டத்துக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒருவன் ஆடும்போது இன்னொருவன் அட்டையை மிதிக்கக்கூடாது. அடுத்தவன் வித்தையைத் திருடி ஆடக்கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரியது, தலைகீழாகச் சுற்றுகிறவன்மேல் ஃபிளாஷ் அடிக்கக்கூடாது. தலையை ஊன்றிச் சுற்றுகிறவன் தன் கண்ணை எங்கேயோ ஒரு புள்ளியில் வைத்துத்தான் நிலையைப் பிடிக்கிறான். அந்தக் கண்ணில் திடீரென்று வெளிச்சம் அடித்தால் கழுத்து போய்விடும். புதிதாகக் கேமராவோடு வருகிறவர்களுக்கெல்லாம் இதை எடுத்துச் சொல்கிற பொறுப்பு இவருடையதுதான். வாய் திறக்காத மனுஷர் இதற்கு மட்டும் திறப்பார்.

வட்டத்தில் ஒருவனுக்குப் பம்பரம் என்று பெயர். அவன் அம்மா வைத்த பெயர் எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. பின்னல் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு தலைகீழாக நின்றான் என்றால், சுற்றியிருப்பவர்கள் நாற்பது வரை எண்ணிவிட்டு அலுத்துப்போய் நிறுத்திவிடுவார்கள், அவன் நிறுத்த மாட்டான். இவரை அண்ணா என்பான், என்னை அண்ணி. வீட்டுக்கு வந்தால் குளியலறையை எட்டிப் பார்த்து "இதுல நான் இருக்கனா அண்ணி" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் இவர் ஒரு கேசட் அட்டைக்குப் படம் எடுத்தார். பாடியவன் பெயர் மூச்சு. பாட்டிலும் சரி, பேச்சிலும் சரி, மூச்சு விடாத ஆள். வெயில் உச்சியில் இருந்ததால் அவன் தொப்பியின் நிழல் முகத்தை மூடியது. அந்த நிழலைப் போக்க ஸ்டூடியோவிலிருந்து எடுத்துவந்த ஃபிளாஷைக் கேமராவின் தலையில் மாட்டியிருந்தார். முடிந்ததும் கழற்றிப் பைக்குள் போட்டிருக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான் செய்வார். அன்றைக்கு மூச்சு பேசிக்கொண்டே பின்னால் வர, வட்டம் ஆரம்பித்துவிட்டது என்று யாரோ சொல்ல, அப்படியே ஓடிவிட்டார்.

அடித்தளத்தில் கூட்டம். இவர் எல்லோருக்கும் பின்னால் ஒரு தூணின் அடித்திட்டில் ஏறி நின்று, கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். வட்டத்தின் எதிர்ப்பக்கம், முன்வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கழுத்தில் கேமராவுமாக ஒருவர் நின்றார். முப்பது வயது இருக்கும், ஏதோ ஆபீஸில் வேலை செய்கிற தோற்றம். நாலைந்து வாரமாக வந்துகொண்டிருந்தாராம். யாரோடும் பேசாததால் பெயர் தெரியாது. பிள்ளைகள் இஸ்திரிச் சட்டை என்றே சொல்லிக்கொண்டார்கள். அவர் கேமராவிலும் ஃபிளாஷ் இருந்தது.

பம்பரம் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது இவர் அமுக்கினார். பளீரென்று அடித்தது. எதிர்ச்சுவரும் தூண்களும் வெள்ளைப் பெயின்ட், வெளிச்சம் அங்கிருந்துதான் வந்தது போல எல்லோர் கண்ணிலும் பட்டது. பம்பரத்தின் கால்கள் ஒரு பக்கம் சாய்ந்தன. முழு எடையும் வலது தோளிலும் கழுத்திலும் இறங்கியது. பாட்டை யாரோ நிறுத்தினார்கள். இன்னொருவன் இஸ்திரிச் சட்டையைக் கைகாட்டி "கேமராக்காரன்டா" என்றான்.

மீதியை நீங்களே ஊகிக்கலாம். சட்டையைக் கிழித்தார்கள், மூக்கில் ரத்தம் வந்தது, கேமராவைப் பிடுங்கி சிமென்ட் தரையில் அடித்தார்கள். "நான் எடுக்கல, மூடியே கழட்டல" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. லென்ஸ் மூடியோடு சேர்ந்து நொறுங்கிப் போனதால் காட்டுவதற்கும் ஒன்றுமில்லை. அவர் அந்தத் துண்டுகளைக் கைக்குட்டையில் பொறுக்கிக்கொண்டு, வண்டி ஏறுகிற சரிவில் நடந்தே வெளியே போனார். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் அப்போது பம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். குளியலறையில் சுருளைக் கழுவித் தூக்கிப் பிடித்தபோது, வழக்கம்போல மங்கலான கட்டங்களுக்கு நடுவே முப்பத்தொன்றாவது மட்டும் கரேலென்று இருந்தது. நெகட்டிவில் கறுப்பு என்றால் நிஜத்தில் வெளிச்சம். "இது என்ன, இவ்ளோ லைட்டு" என்றேன். அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பம்பரம் நடுவில், கால்கள் விரிந்து. பின்னால் இஸ்திரிச் சட்டை இரண்டு கையையும் தட்டிக்கொண்டு நிற்கிறார். கேமரா அவர் மார்பில் தொங்குகிறது. அதன் லென்ஸில் மூடி.

"நாளைக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். எனக்கு அப்போது ஏழாவது மாதம். அந்த ஆளை அடித்த கை இவரை அடிக்க எவ்வளவு நேரமாகும், போலீஸ் கேஸ் என்று வந்தால் ஸ்டூடியோ வேலை என்னாகும், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "ரெண்டு மாசம் போகட்டும். குழந்தை பொறக்கட்டும். அப்புறம் சொல்லுங்க" என்றேன். நான்தான் அந்த நெகட்டிவை மட்டும் வெட்டி, காகித உறையில் போட்டு, பிஸ்கட் டப்பாவின் அடியில் வைத்தேன்.

குழந்தை பிறந்தது. இரண்டு வாரம், இரண்டு மாதம், பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் இல்லாமல் போனது. பம்பரத்தின் வலது கை தோளுக்குமேல் எழும்பவில்லை. ஒரு வருஷம் முழுக்க இவர் அவனை ஸ்கூட்டரில் வைத்துப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனார். "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்" என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இவர் அன்றோடு ஃபிளாஷைத் தொடுவதை விட்டார். ஸ்டூடியோவில் வேறு வழியில்லை, அங்கே மட்டும். மற்றபடி சுவரில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற குழல் விளக்கு வெளிச்சத்திலேயே எடுத்தார். படங்கள் இருட்டாக, மணல் தூவியது போல வந்தன. அதைப் பார்த்துப் பத்திரிகைக்காரர் ஒருவர் "தனிப் பாணி" என்று எழுதினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் "அண்ணாவப் பாரு, செத்தாலும் ஃபிளாஷ் அடிக்க மாட்டாரு" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் இவர் கேமராப் பையின் ஜிப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொள்வார்.

அப்படியே வருஷங்கள் போயின. ராத்திரியில் வரைந்துவிட்டுப் போன சுவர்களை, காலையில் வெள்ளையடிக்க ஆள் வருமுன் போய் எடுத்தார். பிறகு கேசட் போனது, சுருள் போனது, எல்லோர் கையிலும் போன் வந்தது. வட்டத்தில் ஆடுகிறவர்களைவிடப் படம் எடுக்கிறவர்கள் அதிகமானார்கள். முழங்கால் போனது, இடது கண்ணில் புரை. கட்டில் அடியில் நாற்பத்தாறு டப்பாக்கள். விட்டுவிடுங்களேன் என்று நான் சொன்னதற்கு, "விட்டா அங்க நான் எதுக்குப் போறேன்னு ஆயிடும்" என்றார். எனக்குப் புரிந்தது. அவர் படம் எடுக்கப் போகவில்லை, அந்த ஆள் ஒருவேளை திரும்பி வந்தால் அங்கே இருக்க வேண்டும் என்று போய்க்கொண்டிருந்தார்.

இந்த நிலைமையில்தான் கண்காட்சி. நாற்பது படங்கள், பத்து நாட்கள். தலைப்பு 'வெளிச்சம் கேட்காத கண்'. கண் எங்கேயாவது கேட்குமா என்று நான் வாய்விட்டே சொன்னேன், அந்த அம்மா சிரிக்கவில்லை. திறந்து வைக்கப் பம்பரம். எல்லோருக்கும் சந்தோஷம்.

இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை எழுந்து பார்த்தால் குளியலறையில் சிவப்பு பல்பு எரிகிறது. பத்து வருஷமாக எரியாத பல்பு. பிஸ்கட் டப்பா திறந்து கிடந்தது. மருந்துத் தட்டில் அந்தப் படம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வந்துகொண்டிருந்தது. நான் கை துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

படத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பம்பரம் வேலை செய்கிற கூரியர் ஆபீஸுக்குப் போனோம். தலை வழுக்கையாகிவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறான். கவுன்டருக்குப் பின்னால் நின்று இடது கையால் பார்சல்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தான். "வாங்கண்ணா, அண்ணி வாங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான். இவர் உறையை நீட்டினார்.

"அட, இது எப்ப எடுத்தது? கால் எவ்ளோ நேரா இருக்கு பாருங்க அண்ணி" என்றான். எத்தனை வருஷமானாலும் அந்தப் பெருமை போகுமா? முகமெல்லாம் மலர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "ஆனா நீங்க இவ்ளோ வெளிச்சமா எடுக்க மாட்டீங்களே" என்றான்.

அதற்குள் ஒரு பெண் பார்சலோடு வந்தாள். எடை போட்டான், டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டினான், ரசீது கொடுத்தான். திரும்பியபோது அவன் முகத்தில் அந்த மலர்ச்சி இல்லை. படத்தை மறுபடியும் கையில் எடுத்தான்.

"பின்னாடி நிக்கறது அந்தாளா?"

"ஆமா" என்றார் இவர்.

"மூடி இருக்கு கேமராவுல."

"ஆமா."

"அப்ப லைட்டு?"

"என்னோடது."

பம்பரம் படத்தைக் கவுன்டரில் வைத்தான். போன் அடித்தது, எடுக்கவில்லை. பிறகு குரலை உயர்த்தாமல்தான் பேசினான்.

"கை போனது உங்களாலன்னு வந்து சொல்லியிருந்தீங்கன்னா அன்னிக்கே விட்டிருப்பேண்ணா. வட்டத்துல விழறது புதுசா எனக்கு? தினமும் காலைல சட்ட போடும்போது இந்தக் கை மேல வராது. அப்ப அந்தாளத் திட்டுவேன். வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஒரு நாள் விட்டதில்ல. இன்னிக்கும் திட்டிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். கீழ கெடந்தபடியே 'அவன விடாதீங்கடா'ன்னு சொன்னதே நான்தான். நீங்க பக்கத்துல உக்காந்து என் கையப் பிடிச்சுக்கிட்டிருந்தீங்க."

"நான்தான் சொல்ல வேணாம்னு தடுத்தேன்" என்றேன். "வயித்துல குழந்தை. பயந்துட்டேன்."

"சரி அண்ணி. உங்களுக்கு அவரு இருந்தாரு, அவருக்கு நீங்க. எனக்கு நீங்க ரெண்டு பேரும் இருந்தீங்க. அந்தாளுக்கு அன்னிக்கு அங்க யாரு இருந்தா?"

படத்தை உறையில் போட்டு, முத்திரை குத்தவேண்டிய பார்சலைப் போலவே கவுன்டரின்மேல் தள்ளினான். "திறந்து வைக்க நான் வரல. இத மாட்டுங்க. பெருசா மாட்டுங்க" என்றான். ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க இவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வழக்கமாக ஓடிவந்து கைகொடுப்பவன், அன்றைக்குக் கவுன்டருக்குப் பின்னாலேயே நின்றான்.

கண்காட்சி அம்மாவிடம் சொன்னதற்கு, இது உங்கள் பாணிக்கு ஒட்டாதே, தலைப்பே அடிபட்டுப் போகுமே என்றார். "அப்படின்னா மத்த நாப்பதையும் கழட்டிடுங்க. இது மட்டும் இருக்கட்டும்" என்றார் இவர். கடைசியில் வாசலுக்கு நேர் எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு அதை மாட்டினார்கள். கீழே வைக்கிற அட்டையை இவரே எழுதினார். 'இந்த வெளிச்சம் என் ஃபிளாஷ். பின்னால் நிற்பவர் கேமராவின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. அவரை அடித்தார்கள். எனக்கு உண்மை தெரியும். நான் சொல்லவில்லை.' என் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

முதல் நாள் வட்டத்துப் பழைய ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். தொப்பை விழுந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு. மூச்சு அந்த அட்டையை இரண்டு முறை படித்தான். அவன் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடித்தளத்தில் அன்று இஸ்திரிச் சட்டையை முதல் அடி அடித்தவன் டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான். இவரிடம் வந்து கை கொடுத்தவர்கள் குறைவு. திட்டியவர்களும் இல்லை. எனக்கென்னவோ நாலு பேர் நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இவர் ஸ்டூடியோவுக்குப் பத்து நாள் லீவு போட்டார். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்திரிகையிலிருந்து வந்த ஒரு பெண் "இதுதான் சார் உங்க பெஸ்ட்" என்றபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஐம்பதைத் தாண்டிய ஆள் யாராவது இஸ்திரிச் சட்டையோடு உள்ளே வந்தால் நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி எழுந்திருப்பார். அந்த ஆள் வேறு படத்தின் பக்கம் போனதும் மறுபடி உட்காருவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்த முழங்காலோடு எழுந்து உட்கார்ந்தார். பார்க்கப் பார்க்க எனக்கே அலுப்பாக வந்தது.

கடைசி நாள் நாலு மணிக்குப் பம்பரம் வந்தான். சட்டைக் கையில் பார்சல் டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. படத்தின் எதிரே நின்று அட்டையைப் படித்தான். பிறகு மூலையிலிருந்த ஒரு நாற்காலியை இடது கையால் இழுத்துவந்து, படத்துக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தான்.

"வந்தாரா?"

"இல்ல" என்றார் இவர்.

இரண்டு பேரும் வருகிறவர்கள் போகிறவர்களின் சட்டைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தடித்ததும் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். இவர் எழுந்திருக்க நாற்காலியைப் பிடித்தார். பம்பரம் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றான் காவலாளியிடம். "ஆபீஸ் போறவங்க அஞ்சு மணிக்கு மேலதான வர முடியும்."

காவலாளி என்ன செய்வதென்று என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.